மனுவும் மதிலும்

தமிழில் சிறை வாழ்வைப் பற்றி எழுதப்பெற்ற நூல்கள் சில உண்டு. அவற்றை எழுதியவர்களுள் பெரும்பாலோர் நாட்டுக்காகச் சிறை புகுந்த பெரியோர்கள். வ. உ. சிதம்பரனார் 1908-ஆம் ஆண்டில் தண்டனை பெற்றுக் கோயம்புத்தூர்ச் சிறையிலும், பின்னர்க் கண்ணனூர்ச் சிறையிலும் இருந்து, 1912-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தார். அவர் இழுத்த செக்கு சென்னைக் கிண்டியில் காந்தி மண்டப வளாகத்தில் வைக்கப்பெற்றிருக்கின்றது. இராஜாஜி 1921-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் முதல் மூன்று மாத காலம் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். சிறை என்றவுடன் படித்தவர் நெஞ்சில் எழும் காட்சிகள் இத்தகையோர் வாயிலாக வந்தவையே.

ஆயினும் அப்பெரியோர்களின் சிறை வேறு. ஊர் பேர் தெரியாத ஏழையின் சிறை வேறு. தாம் எதற்காக உள்ளே வந்தோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். வெளியே அவர்களை மதிக்கும் மக்கள் காத்திருந்தார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்களுக்கு எழுதத் தெரிந்திருந்தது. இலாகூர்ச் சிறையில் 63 நாள் உண்ணாநோன்பு இருந்து ஜதீந்திரநாத் தாஸ் 1929-இல் உயிர் துறந்த பின், 1930-இல் கைதிகளை 'ஏ', 'பி', 'சி' என வகுக்கும் முறை வந்தது. படிப்பும் அந்தஸ்தும் உடையவர்களுக்குக் கட்டிலும் புத்தகமும் கிடைத்தன. 'சி' வகுப்பில் கிடந்தவர்கள் எழுதி வைத்தது யாது? ஒன்றும் இல்லை. அவர்கள் கைந்நாட்டு வைத்தார்கள், அவ்வளவே.

அந்தக் கைந்நாட்டுக்காரர்களைப் பற்றியே இன்று பேச விழைகின்றேன். பணியினின்று ஓய்வு பெற்றபின் சில ஆண்டுகள், வாரத்தில் இரண்டு பிற்பகல், ஒரு மத்திய சிறையில் முதியோர்க்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை ஏற்றுச் செய்து வந்தேன். ஊரைக் கூற வேண்டியதில்லை. சிறைக்குள் இரவு தங்காதவன் சிறையை அறிந்தேன் என்று சொல்லலாகாது என்பதை அறிவேன். ஆனால் ஓர் ஆசிரியனிடம் மாணவர்கள் சொல்வன, அதிகாரியிடம் சொல்வனவும் அல்ல, வக்கீலிடம் சொல்வனவும் அல்ல.

சிறையில் இருப்பவர் எல்லாரும் குற்றவாளிகள் என்பது வெளியே உள்ளவர் எண்ணம். கணக்கு வேறு விதமாக இருக்கின்றது. 2022-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் இந்தியச் சிறைகளில் இருந்தோர் 5,73,220 பேர். அவர்களுள் 4,34,302 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினர், வழக்கு முடியாத விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தார் என்று எந்த நீதிமன்றமும் அவர்களைப் பற்றித் தீர்ப்புக் கூறவில்லை. அவர்களுள் ஐந்தாண்டுக்கு மேலாக உள்ளே இருப்பவர்கள் மட்டும் பதினோராயிரத்துக்கு மேற்பட்டவர்கள். எல்லாச் சிறைகளிலும் சேர்த்து இருந்த இடமோ 4,36,266 பேருக்கு. நூறு பேர் படுக்க வேண்டிய இடத்தில் நூற்று முப்பத்தொருவர் படுத்தார்கள் என்பது இதன் பொருள். நல்ல வேளையாகத் தமிழ்நாட்டில் மொத்தத்தில் அத்தகைய நெருக்கடி இல்லை. ஆனால் விசாரணைக் கைதியே மிகுதி என்ற நிலை இங்கும் உண்டு.

சிறையின் ஒரு நாளைச் சொன்னால் இந்த இரண்டு வகையாரின் வேற்றுமை விளங்கும். விடியற்காலை ஆறு மணி அளவில் அறைகளைத் திறப்பார்கள். திறந்ததும் எண்ணிக்கை. சிறையில் எதை மறந்தாலும் எண்ணிக்கையை மறக்க மாட்டார்கள். காலையில் எண்ணுவார்கள், நண்பகலில் எண்ணுவார்கள், மாலையில் எண்ணிப் பூட்டுவார்கள். ஓர் ஆள் குறைந்தால் எல்லாம் நின்றுவிடும். களி என்பது இன்று பெரும்பாலும் பழமொழியில்தான் இருக்கின்றது. சோறும் சாம்பாரும் கிடைக்கின்றன. மாலையுணவைப் பொழுது சாயுமுன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். ஆறு மணிக்குக் கதவு பூட்டப்பெறும். பூட்டியபின் பன்னிரண்டு மணி நேரம், விளக்கு அணையாத ஓர் அறை. "இரவில் நட்சத்திரம் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று கணக்கே இல்லை, ஐயா" என்று ஒருவர் சொன்னார். தச்சர், அமைதியானவர், பத்தாம் ஆண்டில் இருந்தார்.

தண்டனைக் கைதிக்கு வெள்ளை உடை, ஒரு வேலை, ஒரு கூலி உண்டு. தறியோ, தச்சோ, சமையலோ, தோட்டமோ ஏதோ ஒன்றில் பகல் கழியும். நன்னடத்தைக்காகத் தண்டனையில் சில நாட்கள் குறையும். அதனை அவர்கள் விரல் விட்டு எண்ணி வைத்திருப்பார்கள். இன்ன ஆண்டு இன்ன மாதம் என்று ஒரு நாள் தெரியும். ஆயுள் கைதிக்கு மட்டும் அத்தகைய நாள் இல்லை. ஆயுள் தண்டனை என்றால் பதினான்கு ஆண்டு என்று ஊரில் சொல்வதுண்டு. அது சரியன்று. ஆயுள் என்பது ஆயுள் முழுவதுமே என்று உச்ச நீதிமன்றம் 1961-இல் கூறிவிட்டது. மரண தண்டனையும் விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆயுள் தண்டனை பெற்றவரைப் பதினான்கு ஆண்டு முடியுமுன் விடுவிக்கலாகாது என்று 1978-ஆம் ஆண்டின் சட்டத்திருத்தம் கூறிற்று. அது கீழெல்லையேயன்றி மேலெல்லை அன்று.

விசாரணைக் கைதியின் நிலை வேறு. சொந்த உடையை உடுத்தலாம் என்பது அவர் பெற்ற சலுகை. குற்றம் மெய்ப்பிக்கப்பெறாதவரை வேலை வாங்கலாகாது என்று சட்டம் நன்மை கருதியே விதித்தது. ஆனால் அந்த நன்மையே அவர் பகலை வெறும் பகலாக்கிவிட்டது. வேலை இல்லை, கூலி இல்லை, முடிவு நாளும் இல்லை. அவருக்குத் தெரிந்த ஒரே காலக்கணக்கு 'வாய்தா'. பதினைந்து நாளுக்கு ஒரு முறை வாய்தா வரும், போகும். முன்பெல்லாம் போலீசார் வழிக்காவலாக நீதிமன்றத்துக்கு அழைத்துச் செல்வார்கள். அந்தப் பயணத்தில் மரம், கடை, குழந்தைகள் என்று உலகம் கண்ணில் படும். இப்பொழுது பலமுறை காணொளி வாயிலாகவே முகத்தைக் காட்டிவிட்டுக் காவலை நீட்டிக்கின்றார்கள். செலவும் அலைச்சலும் குறைந்தன என்பது உண்மையே. உலகம் கண்ணில் படுவதும் குறைந்துவிட்டது.

சிறையில் எல்லாம் மனுவினால் நடக்கின்றது. மருத்துவர் வேண்டுமா, மனு. அறை மாற வேண்டுமா, மனு. தாய் இறந்ததற்குப் போய்வர வேண்டுமா, அதற்கும் மனு. இந்தச் சொல் அங்கே எவ்வளவு வேரூன்றிவிட்டது என்றால், உறவினர் வந்து பார்ப்பதையே 'மனு பார்த்தல்' என்று சொல்வார்கள். "இன்றைக்கு எனக்கு மனு வந்திருக்கின்றது" என்று ஒருவன் முகம் மலர்ந்து சொன்னால், அவன் மனைவியோ தம்பியோ வாயிலில் வந்து நிற்கின்றார் என்று பொருள். அகராதிக்காரர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய வழக்கு இது. கணைக்கால் இரும்பொறை குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் கேட்டு, அது காலந்தாழ்ந்து வந்தபோது பருகாமல் உயிர்விட்டான் என்று புறநானூற்றின் வழியாக அறிகின்றோம். அவனை வாட்டியது தாகம் மட்டும் அன்று. கேட்டுப் பெற வேண்டி வந்ததே. சேர மன்னனுக்கு ஒரு முறை நேர்ந்தது, இங்கே ஒவ்வொருவருக்கும் நாள்தோறும் நேர்கின்றது.

இந்திய அளவில் கைதிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் எழுத்தறியாதவர். மூன்றில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பை முடிக்காதவர். மனுவால் இயங்கும் ஓர் உலகத்தில் மனு எழுதத் தெரியாதவன் நிலை என்னவாகும்? எழுதத் தெரிந்த இன்னொரு கைதியின் தயவில் வாழ்வான். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு 'மனு எழுத்தர்' தாமாகவே உண்டாகிவிடுவார். சிலர் இரக்கத்தினால் எழுதுவார்கள். சிலர் இரண்டு பிஸ்கட் பொட்டலத்துக்கு எழுதுவார்கள். சிலர் எழுதியதை வைத்தே ஆளை அடக்குவார்கள். ஒருவனுடைய வழக்கு என்ன, மனைவி பெயர் என்ன, பகை யாரோடு என்பதெல்லாம் அந்த எழுத்தருக்குத் தெரிந்துவிடும். சிறையில் தோன்றும் பல அடிமைத்தனங்களுக்கு வேர் இங்கே இருக்கின்றது.

என் வகுப்புக்கு வந்தவர்கள் 'அ' முதல் தொடங்க விரும்பவில்லை. பயிற்சிப் பள்ளியில் நாங்கள் படித்த முறைப்படி ட, ப, ம என்று எளிய வடிவங்களை முதலில் எழுதிக் காட்டினால், பெரியவர்கள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என் பெயரை எழுதிக் காட்டுங்கள்" என்பார்கள். பெயருக்கு அடுத்தபடி தந்தை பெயர், அதற்கடுத்து ஊர், பிறகு வழக்கு எண். நான் அந்த வரிசையையே பாடத்திட்டமாக வைத்துக்கொண்டேன். கல்வித்துறை இதனை ஒப்புக்கொள்ளுமோ, அறியேன். நாற்பது வயதுக்காரர் ஒருவர் தம் பெயரை எழுத மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். அதன்பின் நான்கே மாதத்தில் செய்தித்தாளின் பெரிய எழுத்துக்களைப் படித்தார்.

ஜாமீன் என்பது எப்படி நடக்கின்றது என்பதைச் சற்று விளக்க வேண்டும். இதில்தான் ஏழை சிக்கிக்கொள்கின்றான். ஜாமீன் என்றால் பணம் கட்டுவது என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அப்படி அன்று. குறித்த நாளில் வருவேன் என்று தான் ஒரு பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். வராவிட்டால் இன்ன தொகைக்கு நாங்கள் பொறுப்பு என்று வேறு இருவர் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்த இருவருக்கும் குடும்ப அட்டை, ஆதார், வீட்டுவரி இரசீது அல்லது வருவாய்த்துறையின் சொத்து மதிப்புச் சான்று முதலியன வேண்டும். இருவரில் ஒருவர் இரத்த உறவினராக இருத்தல் வேண்டும் என்று நிபந்தனை வருவதும் உண்டு. பிழைப்பைத் தேடி இராமநாதபுரத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவனும், ஒடிசாவிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவனும் இரத்த உறவினரை எங்கே தேடுவார்கள்? ஆதலின் நீதிபதி ஜாமீன் கொடுத்த பின்னும் ஆள் உள்ளேயே இருப்பான். சட்டம் கதவைத் திறந்துவிட்டது. வாயிற்படியில் கைப்பிடித்து அழைக்க ஆள் இல்லை. இந்தத் தேவையைக் கண்டுகொண்டு, நீதிமன்ற வாயில்களில் ஜாமீன் கொடுப்பதையே பிழைப்பாகக் கொண்டவர்களும் இருக்கின்றார்கள். அவர்களுக்குக் கொடுக்கப் பணம் உள்ளவன் போய்விடுகின்றான்.

மத்தியப் பிரதேசத்தில் மோதி ராம் என்ற ஒரு கொத்தனார் இருந்தார். அவரை ஜாமீனில் விட ஆணை பிறந்தது. பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார் நடுவர். அண்ணனோ தம்பியோ முன்வந்தபோது, அவர் சொத்து வேறு மாவட்டத்தில் உள்ளது என்று மறுக்கப்பெற்றது. 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் முன் வழக்கு வந்தது. ஆயிரம் ரூபாய்க்கு அவர் சொந்தப் பத்திரம் எழுதிக் கொடுத்தால் போதும் என்று அவர் ஆணையிட்டார். ஓர் இந்தியன் மற்றொரு மாவட்டத்தில் அயலான் ஆகிவிடுவானா என்ற கேள்வி அத்தீர்ப்பின் சாரம். கிருஷ்ணய்யர் 1948-ஆம் ஆண்டில் வக்கீலாக இருந்தபோது ஒரு மாதம் சிறையில் அடைக்கப்பெற்றவர். 1957-இல் கேரளத்தில் அமைச்சராகிச் சிறைத்துறையையும் கவனித்தவர். உட்புறமும் வெளிப்புறமும் பார்த்தவர் எழுதிய தீர்ப்பு அது.

அடுத்த ஆண்டு, 1979-இல், பீகார்ச் சிறைகளைப் பற்றிய ஹுஸைனாரா காத்தூன் வழக்கு. குற்றம் மெய்ப்பிக்கப்பெற்றாலும் எத்தனை ஆண்டு தண்டனை கிடைக்குமோ அதைவிட அதிக காலம் விசாரணைக் கைதியாகவே இருந்தவர்கள் அங்கே இருந்தார்கள் என்ற செய்தி நாட்டையே திடுக்கிட வைத்தது. விரைந்த விசாரணை ஒவ்வொருவரின் அடிப்படை உரிமை என்று நீதிமன்றம் கூறிற்று. அதன்பின் சட்டம் சிறுகச் சிறுக இளகி வந்திருக்கின்றது. அதிகபட்சத் தண்டனையில் பாதிக் காலம் உள்ளே இருந்தவரைச் சொந்தப் பிணையில் விடலாம் என்று 2005-இல் திருத்தம் செய்தார்கள். 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம், முதல் முறை வழக்கில் சிக்கியவருக்கு மூன்றில் ஒரு பங்கு போதும் என்றது. அந்தக் காலம் நிறைந்தவுடன் நீதிமன்றத்துக்கு எழுத வேண்டிய கடமையைச் சிறைக் கண்காணிப்பாளர் மேலேயே வைத்தது. நல்ல ஏற்பாடு. ஆனால் மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. ஒன்றுக்கு மேற்பட்ட வழக்கு நிலுவையில் இருந்தாலும் பொருந்தாது. சில்லறைத் திருட்டில் அகப்பட்டவன் மேல் நான்கைந்து வழக்குகளைச் சேர்த்து எழுதிவிடுவது உண்டு. அவனுக்கு இந்தக் கதவு திறப்பதில்லை.

2023-ஆம் ஆண்டில் மைய அரசு ஏழைக் கைதிகளுக்கென ஒரு திட்டம் வகுத்தது. ஜாமீனுக்குப் பணம் இல்லாத விசாரணைக் கைதிக்கு நாற்பதாயிரம் ரூபாய் வரையிலும், அபராதம் கட்ட இயலாத தண்டனைக் கைதிக்கு இருபத்தையாயிரம் ரூபாய் வரையிலும் அரசு கொடுக்கும் என்று அப்போது கூறிற்று. ஆனால் பணம் இல்லாமை ஒரு குறை. ஆள் இல்லாமை அதனினும் பெருங்குறை. அவ்வாண்டு ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதனை உணர்ந்தே சில நெறிகளை வகுத்தது. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் ஒருவர் வெளியேறாவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதத்திலும் ஜாமீன் பத்திரம் வராவிட்டால் நீதிமன்றம் தானாகவே நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி ஆராயலாம்.

நான் அறிந்த ஒன்றைச் சொல்கின்றேன். செங்கற் சூளையில் வேலை செய்த ஒருவர் கம்பித் திருட்டு வழக்கில் உள்ளே வந்தார். மூன்றாம் வாரத்திலேயே ஜாமீன் ஆணை வந்துவிட்டது. ஆனால் ஐந்து மாதம் கழிந்தும் அவர் என் வகுப்பில் இருந்தார். மனைவி காகிதங்களோடு இரண்டு முறை நீதிமன்றத்துக்குப் போய்த் திரும்பிவிட்டார். "ஏதோ சரியில்லையாம்" என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் மாணவர்கள் தத்தம் காகிதங்களைக் கொண்டுவந்து அதில் தெரிந்த எழுத்துக்களைத் தேடுவது பாடம். அவர் தம் காவல் ஆணையின் நகலில் விரல் வைத்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். "ஐயா, இது எங்கள் அப்பா பெயர் இல்லை" என்றார். தந்தை பெயர் இருக்க வேண்டிய இடத்தில், அவரை வளர்த்த பெரியப்பாவின் பெயர் இருந்தது. கைது செய்த அன்று 'யார் வீட்டுப் பிள்ளை' என்று கேட்டிருக்கின்றார்கள். அவரும் வழக்கம்போல் சொல்லியிருக்கின்றார். குடும்ப அட்டையில் ஒரு பெயர், காவல் ஆணையில் வேறொரு பெயர். இருவரும் ஒருவரே என்று ஒப்புக்கொள்ள நீதிமன்ற அலுவலகம் மறுத்ததில் வியப்பில்லை. அதனைத் திருத்த ஒரு மனு. ஒன்பதாம் நாள் அவர் வெளியே போனார். ஐந்து மாதச் சிறை அந்த ஒரு சொல்லுக்காக. அந்தக் காகிதத்தை அதற்குள் எத்தனை பேர் கையில் வாங்கிப் பார்த்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெளியே போனவருடைய தொல்லையும் முடிவதில்லை. நாள்தோறும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. பத்தரை மணிக்குக் கையெழுத்துப் போடுகிறவனுக்கு எந்தக் கொத்தனார் சித்தாள் வேலை கொடுப்பார்? சில வாரம் கையெழுத்து, பிறகு பசி, பிறகு நிபந்தனை மீறல், பிறகு மறுபடியும் உள்ளே. இந்தச் சுற்றில் அகப்பட்டவர்களை என் வகுப்பிலேயே மறுமுறையும் கண்டிருக்கின்றேன்.

அவர்கள் எதனால் முதலில் வந்தார்கள் என்றும் கேட்கலாம். திட்டமிட்டுத் தீங்கு செய்த கொடியோர் இல்லை என்று கூறமாட்டேன், இருந்தார்கள், அவர்களுக்கு நல்ல வக்கீல்களும் இருந்தார்கள். ஆனால் பெரும்பாலோர் கதை ஒரு மாலைப் பொழுதில் நடந்தது. மது, வரப்புச் சண்டை, சாதித் தகராறு, கடன், ஒரு பெண் காரணமான மனக்கசப்பு, இருபது வயதில் ஒரு மோட்டார் சைக்கிள் மேல் ஆசை. 'அன்று மட்டும் குடிக்காமல் இருந்திருந்தால்' என்ற வாக்கியத்தை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. குடும்பமும் பள்ளியும் ஊரும் கைவிட்ட இடத்தில் எல்லாம் போலீசு வந்து நிற்கின்றது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு நின்றவர்களே என் வகுப்பில் மிகுதி. பள்ளி ஆசிரியனாக இருந்தவனுக்கு அந்த எண்ணிக்கை நெஞ்சில் தைக்கும்.

பெண்கள் பகுதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். எனக்கு அங்கே நுழைவு இல்லை. 2022-இன் இறுதியில் நாட்டில் 23,772 பெண்கள் சிறையில் இருந்தார்கள். 1,537 தாய்மாரோடு 1,764 குழந்தைகளும் இருந்தார்கள். ஆறு வயது வரை குழந்தை தாயோடு இருக்கலாம், சிறையில் பிறந்த குழந்தையின் பிறப்புச் சான்றில் சிறை என்று எழுதலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் விதித்தது. அந்த வழக்கில் எடுத்துக் காட்டப்பெற்ற ஓர் ஆய்வு, உள்ளேயே வளர்ந்த குழந்தைகள் வெளியே வந்து தெருவில் விலங்குகளைக் கண்டதும் அஞ்சுவதைக் கூறுகின்றது. முதல் வகுப்பில் 'பசு' என்று படத்தைக் காட்டி எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கின்றேன். பசுவையே பாராத பிள்ளை ஒன்று இருக்கக்கூடும் என்று கருதியதில்லை. ஆறு வயதானதும் அக்குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்து உறவினரிடமோ இல்லத்திலோ விடுகின்றார்கள். ஆணின் சிறைக்கு மனைவி மனு பார்க்க வருவாள். பெண்ணின் சிறைக்குக் கணவன் வருவது அரிது என்று அங்குப் பணியாற்றிய அம்மையார் ஒருவர் சொன்னார்.

சிறையின் உள்ளேயும் ஊர் இருக்கின்றது. 1894-ஆம் ஆண்டின் சிறைச் சட்டத்தைத் தழுவி மாகாணங்கள் எழுதிய விதிநூல்களில், சமையல் இன்ன சாதியாருக்கு, துப்புரவு இன்ன சாதியாருக்கு என்று அச்சிலேயே இருந்தது; விடுதலைக்குப் பிறகும் பல மாநிலங்களில் நீடித்தது. ஒரு பெண் பத்திரிகையாளர் தொடுத்த வழக்கில் 2024 அக்டோபர் 3-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவற்றைச் செல்லாதன என்று தள்ளிற்று. பிறப்பினாலேயே சில சமூகத்தாரைக் குற்றவாளிகள் எனக் கருதிய சொற்களையும் நீக்கச் சொல்லிற்று. அந்தக் கருத்து 1871-ஆம் ஆண்டின் குற்றப் பரம்பரைச் சட்டத்திலிருந்து வந்தது. நம் தென் மாவட்டத்தார் அதனைக் கைரேகைச் சட்டம் என்பார்கள். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மேல் 1920 ஏப்ரல் 3-இல் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1952-இல் அச்சட்டம் நாடெங்கும் நீங்கியது. சட்டம் போய் எழுபது ஆண்டுக்குப் பிறகும் அதன் நிழல் சிறை விதிநூலில் தங்கியிருந்தது.

மணிமேகலைக் காப்பியத்தில் சிறைக்கோட்டம் அறக்கோட்டமான காதையை நாம் வகுப்புகளில் நடத்தியிருக்கின்றோம். மன்னன் 'என்ன வேண்டும்' என்று கேட்க, அவள் சிறைச்சாலையையே கேட்டாள். இன்று நம் மாநிலத்துத் துறைக்கும் சிறைகள் மற்றும் சீர்திருத்தப் பணிகள் துறை என்று பெயர். பெயரளவில் மட்டும் அன்று. வேலூரில் 1979 முதல் சிறை அலுவலர்க்குப் பயிற்சி தரும் நிலையம் இயங்கி வருகின்றது. கைதிகள் பொதுத் தேர்வு எழுதுகின்றார்கள். அவர்கள் செய்த பொருள்கள் சிறை அங்காடியில் விற்பனையாகின்றன. சில ஊர்களில் பெட்ரோல் நிலையங்களைக் கைதிகளே நடத்துகின்றார்கள். நல்ல நிர்வாகிகளை நானே கண்டிருக்கின்றேன். ஆனால் இவற்றின் பயன் பெரும்பாலும் தண்டனை பெற்றவரையே சேர்கின்றது. தீர்ப்புப் பெறாத முக்கால் பங்கினருக்கு அங்காடியும் இல்லை, தேர்வும் அரிது. 'நாளையே போய்விடுபவன்' என்று கருதி அவனுக்கு ஒன்றும் செய்வதில்லை. அவன் நாளை போவதும் இல்லை. ஆறு மாதத்துக்குக் குறையாமல் உள்ளே இருக்கப் போகிறவன் என்று வைத்துக்கொண்டு, வந்த முதல் வாரத்திலேயே அவனுக்குப் பெயரெழுதக் கற்பிப்பதும், அவன் காகிதத்தை அவனுக்கே படித்துக் காட்டுவதும் பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல.

இதனைக் கேட்பவர்களுள் எவருக்கேனும் உறவினர் உள்ளே இருக்கலாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப்படி, காவலில் இருப்பவர் எவரும் தம் வருமானத்தைக் காட்டாமலே அரசுச் செலவில் வக்கீல் பெற உரிமை உடையவர், பெண்களுக்கும் அவ்வாறே. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் பேசலாம். குற்றப்பத்திரிகை அறுபது நாளிலும், பத்தாண்டு முதலான பெருங்குற்றங்களில் தொண்ணூறு நாளிலும் தாக்கலாகாவிட்டால், கேட்டால் ஜாமீன் கொடுத்தே தீர வேண்டும், கேளாவிட்டால் கிடைக்காது. போகும்பொழுது வழக்கு எண், காவல் நிலையத்தின் பெயர், கைதானவரின் சிறை எண், கைதான நாள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு போங்கள். குடும்ப அட்டையில் உள்ள தந்தை பெயரும் முதலெழுத்தும் காவல் ஆணையில் உள்ளவற்றோடு ஒத்திருக்கின்றனவா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒவ்வாவிட்டால் அதனை முதல் நாளே வக்கீலிடம் சொல்லிவிடுங்கள்.